ஷில்பா பாத்திரம் துலக்கும் சத்தம்

அன்புள்ள மகன் சுனிலுக்கு,

மர்பி டவுனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான் முழங்கை வரைக்கும் நல்ல சௌக்கியம், அதற்குக் கீழேதான் இரண்டு கையிலும் கொஞ்சம் தகராறு, அது உனக்கே தெரியும். அங்கே நீயும் உன் முதுகும் புதிதாக வாங்கியிருக்கிற அந்தப் பெரிய கோட்டும் சௌக்கியமாக இருக்கவேண்டும். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா, நீ ரெஸ்ட் எடு" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் இது. உன்கூடப் படித்த பரத் வெள்ளிக்கிழமை அயர்லாந்துக்குக் கிளம்புகிறானாம், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது விரல் மரத்துப்போவதால்தான், எட்டாவதோடு நின்றுவிட்டதால் என்று நினைக்காதே. எங்கள் காலத்து எட்டாவது உன் டிகிரிக்குச் சமம்.

வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்ததை நீ பார்த்துவிட்டாய். நர்ஸுக்குப் படித்த பிள்ளையைப் பெற்றால் இதுதான் கஷ்டம், ஒரு கரண்டியை நிம்மதியாகக் கீழே போட முடியாது. டாக்டரும் நீ சொன்னதையேதான் சொன்னார், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, முப்பது வருஷம் துணி பிழிந்த கை, இனிமேல் பிழியவும் கூடாது பளு தூக்கவும் கூடாது என்று. சரி என்று நான் வேலை செய்துகொண்டிருந்த மூன்று வீட்டையும் விட்டேன். அதோடு நீ விட்டாயா? நம் வீட்டு வேலைக்கே ஒரு பெண்ணை அங்கிருந்தபடியே ஃபோனில் தேடிப் பிடித்து அனுப்பிவிட்டாய். உன் நல்ல மனசு எனக்குத் தெரியும் கண்ணு. ஆனால் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து டிக்கெட் வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. நம் சந்தும் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு டெய்லர் டெஸ்மண்ட் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "என்னா சந்திரம்மா, மேடம் ஆயிட்டே போல, இனிமே எங்ககூட எல்லாம் பேசுவியா?" என்று கேட்டார். அதற்கு நான், மேடம்தான், அந்த ஜாக்கெட்டைச் சீக்கிரம் தைத்துக் கொடு என்றேன்.

வந்த பெண்ணின் பெயர் ஷில்பா. இருபத்தேழு இருபத்தெட்டு வயசிருக்கும். ஆனேக்கல் பக்கம் பிறந்து கல்யாணமாகித் தொம்மலூரில் இருக்கிறாள், ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை. கன்னடமும் தமிழும் ஒரே வாயில் கலந்து வரும். முதல் நாள் அவளுக்கு நீ வாங்கித் தந்த பூப்போட்ட பீங்கான் கப்பில் காப்பி கொடுத்தேன். உன்னிடம் நான் சொன்னதில்லை, நான் வேலைக்குப் போன வீடுகளில் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் இருக்கும், சிங்க்குக்குப் பின்னால் ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், நானே எடுத்துக் குடித்து நானே கழுவிக் கவிழ்க்கவேண்டும். அதனால் என் வீட்டில் அந்தப் பேச்சே இருக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அவள் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்காரப் போனாள். நாற்காலியில் உட்கார் என்றேன். "பரவால்ல ஆண்ட்டி" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ தரையில் என்றால் நானும் தரையில்தான் என்று வீம்புக்கு நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தாயிற்று, எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பூட்டு போட்ட மாதிரி நின்றுவிட்டது. அவள் என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள், இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம். வேலைக்கு வந்தவள் முதல் நாள் செய்த வேலை என்னைத் தூக்கியதுதான்.

அதற்கு அப்புறம் நான் செய்தது தப்பு, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் ஒன்பது மணிக்கு வருவாள், நான் எட்டுக்கே பாத்திரமெல்லாம் துலக்கிக் கவிழ்த்துவிடுவேன். வீட்டைக் கூட்டிவிடுவேன். கை வலித்தால் வலிக்கட்டும் என்று துணியைக்கூட நனைத்து அலசிப் பிழியாமலே கொடியில் போட்டு, சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே பக்கெட் வைத்தேன். இது என்ன பிடிவாதம் என்று நீ கேட்பாய். உங்கப்பா இருந்தவரைக்கும் காலையில் அலமாரியில் இருக்கிற புத்தர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிப் பஞ்சசீலம் சொல்லுவார், நான் அவருக்குப் பின்னால் ஈரத்துணியோடு தரை துடைத்துக்கொண்டிருப்பேன். "சந்திரா, ரெண்டு நிமிஷம் வந்து நில்லு" என்பார். நீங்க நில்லுங்க, தரை காயட்டும் என்பேன். விகாரைக்குப் போனாலும் பிக்கு மூச்சைக் கவனிக்கச் சொல்லுவார், நான் கவனிக்க ஆரம்பித்து மூன்றாவது மூச்சில் தூங்கிவிடுவேன். ஒரு தரம் குறட்டையே விட்டு உங்கப்பா என்னைத் தட்டி எழுப்பினார். அவர் போய் இந்த நாலு வருஷத்தில் நான் மெழுகுவத்தி ஏற்றவே இல்லை. படத்தின் கண்ணாடியைத் துடைப்பேன், அவ்வளவுதான். கை கூப்ப மனசு வரவில்லை, கோபமா என்னவோ. ஆனால் காலையில் குழாயைத் திறந்து பாத்திரத்தை எடுத்தால் மட்டும் மனசு தானாக அடங்கும். இந்தக் குண்டானில்தான் சுனிலுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்தோம், இந்த டம்ளரில்தான் அவர் கடைசி வரைக்கும் காப்பி குடித்தார், இந்தத் தட்டு அவருக்கு ஆலையில் போனஸுக்குக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாக வரும். இதெல்லாம் கிடைத்ததே, தேய்க்கிற அளவுக்கு நாம் தின்றோமே என்று தோன்றும். பிக்கு சொல்லுகிற அந்தக் கவனம் எனக்கு சிங்க்கிடம்தான் வந்தது. அதைத்தான் நீ தெரியாமல் எடுத்து வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிட்டாய். இதை ஃபோனில் சொன்னால், அம்மாவுக்குப் பாத்திரம் தேய்ப்பது தியானமாம் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பாய்.

பத்து நாள் ஷில்பா பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் காலியான சிங்க்கைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று, "ஏன் ஆண்ட்டி, பாத்ரே எல்லா நீங்களே தொளக்கி வெச்சிட்டா நா எதுக்கு வர்றது? ஃபோன்ல உங்க மகன் கேட்டா நா என்னா சொல்றது? சும்மா வந்து காப்பி குடிச்சிட்டுப் போறேன்னு சொல்றதா?" என்றாள். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த நேரம் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சரி, அப்படியென்றால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த துடைக்கிற துணியை உதறி, நாலாக மடித்து, குழாய் மேல் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஒரு தரம் ஒரு வீட்டில் என்னை நின்ற நிலையில் வேலையைவிட்டு நிறுத்தினபோது நானும் இப்படித்தான் துணியை மடித்து வைத்துவிட்டு வந்தேன். அப்போது உனக்கு மூன்று வயசு, இடுப்பில் இருந்தாய்.

மறுநாள் பொழுது விடிந்தபோது எனக்கு நல்ல ஜுரம். எழுந்து நின்றால் சுவர் சாய்கிறது. அன்றைக்குக் காவேரித் தண்ணீர் வருகிற நாள் வேறு, வெளியே பக்கத்து வீட்டுக் குடங்கள் சத்தம் கேட்கிறது, என்னால் ஒரு சொம்பு பிடிக்க முடியவில்லை. உனக்கு ஃபோன் செய்யலாம் என்று எடுத்து, அங்கிருந்து நீ என்ன செய்வாய், பயந்துதான் போவாய் என்று வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்குக் கதவில் சாவி போடுகிற சத்தம். ஷில்பாதான். அவளிடம் ஒரு சாவி இருந்தது, அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். தட்டிப் பார்த்து நான் பதில் சொல்லாததால் திறந்துவிட்டாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறவள் கட்டிலைப் பார்த்தாள், வந்து நெற்றியைத் தொட்டாள். "ஐயோ ஆண்ட்டி, மை எல்லா ஜ்வரா, ஒடம்பே கொதிக்குது! யாருக்கும் சொல்லாம இப்டியா படுத்துக்கிறது?" என்று திட்டினாள். அவளுக்கு வேறு வீடு கிடைக்கவில்லை என்பதும், நம் வீட்டுக்காக ஒரு வீட்டை விட்டுவிட்டு வந்தவள் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும். அந்தப் பேச்சை அன்றைக்கு அவள் எடுக்கவேயில்லை. வெளியே போய்த் தண்ணீர் பிடித்தாள், மாத்திரை வாங்கி வந்தாள், மிளகு தட்டி ரசம் வைத்தாள், உப்புத்தான் கொஞ்சம் கூட. அப்புறம் முந்தின ராத்திரி நான் போட்டுவைத்த பாத்திரங்களைத் துலக்க நின்றாள்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. நான் கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன். உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்கிறது. நார் சட்டியில் தேய்கிற சத்தம், தட்டோடு தட்டு மோதுகிற சத்தம், டம்ளரைக் கவிழ்க்கிற சத்தம். என் வாழ்நாளில் அந்தச் சத்தத்தை நான் செய்திருக்கிறேன், படுத்துக்கொண்டு கேட்டதில்லை சுனில். நான் செய்தால் அது வேலை. இன்னொருத்தி எனக்காகச் செய்து அதைக் கேட்டால், ஒன்றும் ஆகாது, நீ தூங்கு என்று யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரு தரம் சத்தம் நின்றுபோயிற்று. எனக்குப் பயமாகிவிட்டது, போய்விட்டாளோ என்று. குரல் வரவில்லை, கட்டில் சட்டத்தை விரலால் தட்டினேன். "இங்கதா இருக்கேன் ஆண்ட்டி, சோப்பு எடுக்கப் போனேன்" என்று குரல் வந்தது, மறுபடியும் சத்தம் ஆரம்பித்தது.

தட்டின விரலைப் பார்த்தபோதுதான் எனக்கு உஷா மேடத்தின் அப்பா ஞாபகம் வந்தது. தொம்மலூரில் நான் பதினாறு வருஷம் வேலை செய்த வீடு அது. அந்தப் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது, சமையலறைக்குப் பக்கத்து அறையில் படுத்திருப்பார். நான் பாத்திரம் துலக்கும்போது மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். சத்தம் அவருக்குத் தொந்தரவு என்று நினைத்து நான் மெதுவாகத் தேய்ப்பேன், இன்னும் பலமாகத் தட்டுவார். துணி விரித்து அதன்மேல் பாத்திரத்தை வைப்பேன், அதற்கும் தட்டுவார். உஷா மேடமும், "அப்பாவுக்கு இப்ப எல்லாத்துக்கும் கோவம் சந்திரம்மா, நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்பார்கள். இரண்டு வருஷம் நான் பூனை மாதிரி அந்த வீட்டில் பாத்திரம் துலக்கினேன். அவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்தான் என்று இப்போது தோன்றுகிறது. யாரோ வீட்டில் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. போய்க் கேட்க முடியாது, அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. நான் நினைப்பது சரிதானா என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் அதை நான் நம்புகிறேன். முப்பது வருஷம் யார் காதிலும் விழாமல் வேலை செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, ஒருத்தர் படுத்துக்கொண்டு தினமும் அதற்காகக் காத்திருந்தார் என்று நம்பப் பிடித்திருக்கிறது.

மத்தியானம் ஷில்பா வீட்டைத் துடைத்துக்கொண்டே அலமாரிக்குப் போனாள். படத்தைத் துடைத்துவிட்டு, "ஆண்ட்டி, இந்த சாமிக்கு என்னா, ஊதுவத்தியா கற்பூரமா?" என்று கேட்டாள். மெழுகுவத்தி என்றேன். டப்பாவில் உங்கப்பா வாங்கி வைத்த பழைய மெழுகுவத்தி ஒன்று வளைந்துபோய்க் கிடந்தது, அதை நிமிர்த்தி ஏற்றினாள். அவளுக்கு என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் படுத்தபடியே கை கூப்பினேன். நாலு வருஷத்துக்கு அப்புறம். யாருக்குக் கூப்பினாய் என்று கேட்காதே, புத்தருக்கா, உங்கப்பாவுக்கா, அந்தப் பெண்ணுக்கா, வயிற்றில் இருந்த ரசத்துக்கா, எனக்கே தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஜுரம் என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நவம்பரில் ஒருநாள் டியூட்டி முடிந்து வந்து நீ பேசினாய். நர்ஸ் பரீட்சை இன்னும் பாஸாகாததால் அந்த முதியோர் இல்லத்தில் உதவியாளாகத்தான் வைத்திருக்கிறார்கள், நாள் முழுக்கப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, தரை துடைக்கிறேன் என்றாய். "நீ வூட்டு வேல செஞ்சி என்னப் படிக்க வெச்ச, நானும் கடல் தாண்டி வந்து அதே வேலயத்தாம்மா செய்றேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வைத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் ஷில்பாவை அனுப்பினாய். அம்மாவாவது இந்த வேலையிலிருந்து தப்பிக்கட்டும் என்று நீ நினைத்தது எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போது இருக்கிறது. நீ பக்கெட்டை உருட்டிக்கொண்டு வருகிற சத்தத்தை அங்கே யாராவது ஒரு கிழவர் படுத்தபடி எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அதைச் சொல்லமாட்டார், அவருக்கு வாய் வராது, அல்லது நீ நாற்றத்துக்கு மூஞ்சியைச் சுளிக்கிறாயோ என்று வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்வார். நீ பாட்டுக்குச் சத்தமாக வேலை செய். பரீட்சையும் எழுது, பாஸ் பண்ணு, பெரிய நர்ஸ் ஆகு, அது வேறு. ஆனால் இந்த வேலையைச் செய்வதற்காக ஒருநாளும் தலை குனியாதே. உன் அம்மாவும் குனிந்ததில்லை, தரை துடைக்கும்போது தவிர.

ஷில்பா நம் வீட்டிலேயேதான் இருக்கிறாள். ஜுரம் விட்டதும் அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், அவள், "அதெல்லா விடுங்க ஆண்ட்டி, சாவி எங்க வெச்சேன்?" என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். அவள் துலக்குவாள், நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து துணியால் துடைத்து அடுக்குவேன். துணி பிழிவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் அவள்தான், சத்தியமாக. கை இப்போது எவ்வளவோ தேவலை, ராத்திரி மரத்துப்போவது குறைந்திருக்கிறது. அவள் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும், உன் அயர்லாந்து மழையெல்லாம் அவளுக்குத் தெரியும்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, சம்பளத்தோடு. நீ அனுப்புகிற பணம் என்பதால் சொல்லவேண்டியது என் கடமை, ஆனால் மாற்றமாட்டேன். நான் அதைச் சொன்னதும் அவள் முகம் செத்துவிட்டது. "நா ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா ஆண்ட்டி?" என்றாள். லீவு என்றால் நிறுத்துவது என்றுதான் அவளுக்குத் தெரியும். இல்லடி, திங்கக்கிழமை நீ வரணும், வந்தே ஆகணும், ஞாயிறு மட்டும் உன்னுது என்று மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. போன ஞாயிறு பத்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் ஷில்பா, மெரூன் கலர் புடவை, தலையில் பூ, உதட்டில் சாயம், ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பாவாடை சட்டை போட்ட குழந்தை. எனக்கு ஒரு நிமிஷம் யாரென்றே தெரியவில்லை. என்னடி, லீவு என்றேனே என்றேன். "வேலைக்கு இல்ல ஆண்ட்டி. லால்பாக் தோட்டம் பாக்கப் போறோம். போற வழியில உங்களுக்குக் காட்டிட்டுப் போலாம்னு" என்று சொல்லி அப்படியே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். டெஸ்மண்ட் வாயைத் திறந்தபடி பார்த்தார். தொம்மலூரிலிருந்து லால்பாக் போக மர்பி டவுன் வழியிலேயே இல்லை, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.

பரீட்சைக்குப் பணத்தை இந்த மாதத்துக்குள் கட்டிவிடு, ஈரக் காலுறையோடு படுக்காதே, பொடிக்கு நல்லெண்ணெய் அங்கே கிடைக்காவிட்டால் நெய் ஊற்றிக்கொள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் எனக்கு ஃபோன் செய்யாதே, அன்றைக்குச் சின்னப் பாத்திரமெல்லாம் என் பங்கு. புத்தருடைய கருணையும் உங்கப்பாவின் ஆசீர்வாதமும் உன் கையில் இருக்கட்டும், நீ தொடுகிறவர்களுக்கெல்லாம் சுகம் உண்டாகட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
அ. சந்திரம்மா
மர்பி டவுன், பெங்களூரு